மோதிரம் வரைக்கும்

மூக்கைப் பொத்திக்கொள்ளாதே அம்மிணி. அந்த வாசனை என்னுடையது இல்லை. இந்தப் பையிலிருந்து வருகிறது. பையில் இருப்பது சாமியுடையது. கீழே வைத்தால் கால் படும், மேலே வைத்தால் எவனாவது அதன்மேல் மூட்டையைப் போடுவான். அதனால்தான் மடியில் வைத்திருக்கிறேன். நாமக்கல்லில் ஏறினதிலிருந்து கேஸை மூடினேனா இல்லையா என்று ஒரு கவலை, இது நசுங்கிவிடுமோ என்று ஒரு கவலை. நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், உனக்கு வாந்தி வந்துவிடுமோ என்று மூன்றாவது கவலை.

திருச்சிக்கா? நானும் அங்கேதான். உறையூர் போகிறேன். அங்கே சுருட்டு சுற்றுகிறவர் ஒருவர் இருக்கிறாராம். அவரைப் பார்த்து எங்கள் முனியப்பனுக்குத் தோதாக ஒரு சுருட்டு செய்யச் சொல்ல வேண்டும். சிரிக்காதே. எங்கள் சாமி கியூபா நாட்டுச் சுருட்டுக்குப் பழகிவிட்டார். இப்போது அது கிடைக்கவில்லை. வேறு எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எங்கள் கோயில் திருச்செங்கோட்டு ரோட்டில், லாரி எடைமேடைக்கு அடுத்தாற்போல. எடைமேடை முனியப்பன் என்று டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் செங்கோடன்தான் பூசாரி. செவ்வாய், வெள்ளி உச்சிப்பொழுதில் பூசை. பூசை முடிந்ததும் சாமிக்குச் சுருட்டு. மற்ற ஊர்களில் சுருட்டைப் பற்ற வைத்துச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. திரையை இழுத்துவிட்டு, உள்ளே பற்ற வைத்து, சாமியின் இடது கை விரல் இடுக்கில் செருக வேண்டும். சனம் வெளியே காத்திருக்கும். மணி அடித்துத் திரையை விலக்கும்போது எத்தனை விரற்கடை எரிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு விரற்கடை என்றால் சாமிக்குச் சம்மதம். நகக்கண் அளவு என்றால் கோபம். புது லாரி எடுப்பது, பெண் பார்க்கப் போவது, தண்ணீருக்குப் போர் போடுவது எல்லாம் அந்தச் சாம்பலைப் பார்த்துத்தான்.

ஆடிப் பண்டிகைக்கு மட்டும் பாதிச் சுருட்டு எரிய வேண்டும். பாதி எரிந்தால்தான் நோன்பு சாட்டுவோம், அதாவது பண்டிகைக்கு நாள் குறித்து ஊருக்குச் சொல்வோம். எரியவில்லை என்றால் அந்த வருசம் பண்டிகை கிடையாது. பண்டிகை நின்றுபோனால் பூசாரியை மாற்றிவிடுவார்கள். இவருக்குக் கற்பூரம் காட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. அதுவும் மூன்றாவது சுற்றில் கை வலிக்கிறது என்பார்.

மூன்று வருசத்துக்கு முன்னால் இவருக்கு இளைப்பு வந்தது. புகை இருக்கிற திசையிலேயே தலை வைக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் பற்ற வைக்கிறேன். பற்ற மட்டும்தான் வைப்பேன். பொம்பளை திரைக்குள்ளே போகலாமா என்று கேட்காதே. முப்பது வருசமாக உள்ளே கூட்டிப் பெருக்கி, விளக்குத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுகிறவள் நான்தான். அப்போதெல்லாம் யாரும் கேட்கவில்லை.

பற்ற வைத்ததும் வெளியே வந்துவிட முடியாது. ஒரு தடவை பொறி பட்டு வெல்வெட் திரை எரிந்துபோயிற்று. அதனால் சுருட்டு எரிகிறவரைக்கும் உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பது கமிட்டி உத்தரவு. நான் இருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். சாமி குடிக்கும்போது உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கலாமா? சுருட்டு என்றால் தீக்குச்சியைக் காட்டினதும் பற்றிக்கொள்ளாது. வாயில் வைத்து நாலு இழுப்பு இழுக்க வேண்டும். அணைந்தால் மறுபடி நாலு. எங்கள் சாமி நிதானமாகக் குடிக்கிறவர், அடிக்கடி அணையும். அதற்கு நான் என்ன செய்வது?

இதற்குள் கியூபா எப்படி வந்தது என்று கேள். கமிட்டித் தலைவர் ரிக் நாச்சிமுத்து. ரிக் என்றால் போர் போடுகிற வண்டி. அதைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போனவர். அங்கே ஏழு இடத்தில் போர் போட்டு ஏழிலும் தண்ணீர் இல்லாமல் மண்புகைதான் வந்ததாம். எட்டாவதில் தண்ணீர் வந்தால் உலகத்திலேயே நல்ல சுருட்டாக வாங்கி உனக்கு வைக்கிறேன் முனியப்பா என்று வேண்டிக்கொண்டார். எட்டாவதில் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. ஊருக்கு வரும்போது ஏர்போர்ட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மரப்பெட்டி. உள்ளே இருபத்தைந்து சுருட்டு, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு காகித மோதிரம்.

முதல் வெள்ளிக்கிழமை நான் வழக்கம்போலப் பற்ற வைத்தேன். நாலு இழுப்பு. காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை, கொஞ்சம் தோல் செருப்பு, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு தித்திப்பு. பற்ற வைக்கும்போதே இவ்வளவும் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள். சாமி கையில் செருகிவிட்டுக் கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் மோதிரம் வரைக்கும் எரிந்திருக்கிறது.

மணி அடித்தேன். வெளியே சனம் உட்கார்ந்து, படுத்து, இரண்டு பேர் சாப்பிட்டுவிட்டுக்கூட வந்துவிட்டார்களாம். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. திரை விலகினதும் நாச்சிமுத்து விழுந்து கும்பிட்டு எழுந்திருக்கவே இல்லை. "மோதரம் வரைக்கும் குடிச்சிருக்காரு, மோதரம் வரைக்கும்" என்று தரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் இரண்டு வருசம் சாமிக்குக் கியூபாதான். நாச்சிமுத்து ஒவ்வொரு பயணத்திலும் பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்தார். எனக்கும் ஒரு நிம்மதி, மறைக்காமல் சொல்கிறேன். வீட்டில் இருந்தால் என்னை விட மாட்டார்கள் அம்மிணி. இவருக்கு வெந்நீர், மருமகளுக்கு மிக்ஸி மூடி, பேரனுக்கு ஒற்றைச் செருப்பு, எதைக் காணோம் என்றாலும் அத்தாயி, அத்தாயி. அத்தாயிதான் என் பேர். திரைக்குள்ளே இருந்தால் யாரும் கூப்பிட முடியாது. சாமி குடித்துக்கொண்டிருக்கிறார், கூப்பிடக் கூடாது. நாட்டுச் சுருட்டு என்றால் பத்து நிமிசத்தில் மணி அடித்துவிட வேண்டும். கியூபா முக்கால் மணி. அந்த முக்கால் மணி நேரமும் எனக்குக் கவலை வராது. கேஸ் ஞாபகம்கூட வராது. எல்லாம் சாமி அருள்.

இந்தச் சித்திரையோடு நாச்சிமுத்துவுக்கு ஆப்பிரிக்கா முடிந்தது. ரிக் ஊருக்குத் திரும்பிவிட்டது. கடைசிப் பெட்டியும் காலி. எடைமேடைப் பெட்டிக்கடையில் பழைய நாட்டுச் சுருட்டை வாங்கி வைத்தோம். வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, இது ஆகாது என்று. சாமி வாயில்தான். எரிந்தது நகக்கண் அளவு. அடுத்த வெள்ளியும் நகக்கண். அந்த வாரம் பார்த்துச் சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு முட்டை லாரி கவிழ்ந்தது. ரோடு முழுக்க மஞ்சள்.

கமிட்டி எடைமேடைக் கொட்டகையில் கூடியது. எடைமேடை ராசப்பன்தான் செயலாளர். இருந்த ஒரே ஒரு கியூபாச் சுருட்டின் மிச்சத்தை என்னிடமிருந்து வாங்கி, பக்கத்தில் நாட்டுச் சுருட்டையும் வைத்து, எது கனம் என்று பார்க்கிறேன் என்று எடைமேடையில் வைத்தார். அது லாரி நிறுக்கிற மேடை. இரண்டுக்கும் சைபர் காட்டியது.

"ரெண்டும் ஒரே எடைதானுங்க" என்றார் ராசப்பன்.

"அப்பறம் ஏன் சாமி ஒதுக்கறாரு?" என்றார் நாச்சிமுத்து.

"நாக்குங்க" என்றேன் நான். "நாக்கு பழகிருச்சுங்க." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சாமி நாக்கு" என்றேன்.

யாருக்கெல்லாம் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் போன் போனது. கியூபா கிடைக்காவிட்டால் பரவாயில்லை, வேறு எந்த நாட்டுச் சுருட்டானாலும் அனுப்பு, சாமி குடித்துப் பார்த்துச் சொல்லட்டும். ஒரு மாதம் சாமிக்கு அதே வேலை. எனக்கும்தான்.

முதலில் டொமினிக்கன் என்று ஒரு நாடாம். பார்க்க அழகு, தொட்டால் மெத்து மெத்தென்று இருந்தது. ஆனால் பத்தியக் கஞ்சி. குறை சொல்ல முடியாது, உப்பும் இல்லை. சாமி மரியாதைக்கு ஒரு விரற்கடை குடித்துவிட்டு வைத்துவிட்டார். அடுத்தது ஹோண்டுராஸ். புது மண்பானையை நக்கின மாதிரி இருந்தது என்று சாமி நினைத்தார். ஜவுளிக்கடைக்காரர் மருமகன் இந்தோனேசியாவிலிருந்து அனுப்பினதில் நுனியில் இனிப்புத் தடவி, உள்ளே கிராம்பு வைத்திருந்தார்கள். இரண்டு நாள் என் உதடு இனித்துக்கொண்டே இருந்தது. சாமி தன் கோபத்தை என்மேல் காட்டுகிறார் என்று பயந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன்.

நிகரகுவா மட்டும் ஒரு தினுசு. முதல் இழுப்பில் மிளகு ரசத்தை மூக்கில் ஊற்றின மாதிரி. தும்மல் வந்தது. பிறகு நெஞ்சு வரைக்கும் ஒரு சூடு இறங்கியது பார். சாமி மூன்று விரற்கடை போனார். மழைக்காலமாக இருந்தால் இன்னும் போயிருப்பார்.

"என்னக்கா சொல்றாரு?" என்று ராசப்பன் திரைக்கு வெளியே நின்று கேட்டார்.

"சளி புடிச்சா வெச்சுக்கலாம்ங்கறாரு" என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு மாதம் எனக்குத் தலைவலி வேறு. சும்மா இருக்கும்போதே எரிச்சல் வரும். மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தால், ஏன் வைத்தாய் என்று கேட்பேன். வைக்காவிட்டால், ஏன் வைக்கவில்லை என்று கேட்பேன். கை லேசாக நடுங்கும். ஊர்க்கண் பட்டிருக்கிறது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். சாமிக்கு மனம் சரியில்லை என்றால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தானே முதலில் தெரியும்?

இந்தச் சமயம் பார்த்து என் கொழுந்தனார் கந்தப்பன் வாயைத் திறந்தார். அவருக்குப் பத்து வருசமாகப் பூசாரி வேலைமேல் கண். நங்கையா என்றுதான் என்னைக் கூப்பிடுவார். எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவது. கமிட்டி நடுவில் நின்று கேட்டார்.

"நங்கையா, சுருட்டு சாமிக்குப் புடிக்கலையா, இல்ல உங்களுக்குப் புடிக்கலையா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது அம்மிணி. நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எனக்குப் பேசத் தெரியாது. ஆனால் முப்பது வருசத்தில் ஒரு வெற்றிலை போட்டிருப்பேனா? பாக்கைக் கடித்திருப்பேனா? என்னைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி. என் வீட்டுக்காரர் இளைப்புக்கு உறிஞ்சுகிற மருந்தை வாயில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"சாட்டன்னிக்கு நான் பத்த வெக்கறேன்" என்றார் கந்தப்பன். "பத்த வெச்சு, சாமி கையில குடுத்துப்போட்டு, வெளிய வந்து உங்க எல்லார்த்து கூடயும் நின்னுக்கறேன். ஒரு பக்கெட் தண்ணி உள்ள வெச்சுரலாம். சாமி தனியாக் குடிக்கட்டும். அப்பத் தெரிஞ்சுரும்."

நியாயம் போலத்தான் இருந்தது. நாச்சிமுத்து ஒத்துக்கொண்டார். அதோடு ஒரு காரியம் செய்தார். மகள் கல்யாணத்தன்று சாமிக்கு வைக்க வேண்டும் என்று பீரோவில் ஒரே ஒரு கியூபாச் சுருட்டைப் பூட்டி வைத்திருந்தாராம். பண்டிகையே நிற்கப்போகிறது, கல்யாணம் எங்கே ஓடிவிடப்போகிறது என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடித் தாளில் சுற்றி, மோதிரத்தோடு. பார்த்ததும் எனக்கு வாயில் நீர் ஊறியது. பயம்தான். பயந்தால் எனக்கு அப்படித்தான் ஊறும்.

போன வெள்ளிக்கிழமை சாட்டு. மூன்று வருசத்தில் முதல் முறையாக நான் வெளியே பொம்பளைகளோடு நின்றேன். கந்தப்பன் உள்ளே போனார். வாசனை வந்தது. அம்மிணி, அந்த வாசனை திரையைத் தாண்டி வந்ததும் என் கால் தானாக நாலு அடி போய்விட்டது. மருமகள் சேலையைப் பிடித்து இழுத்தாள். கந்தப்பன் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் நின்றோம். கால் மணி. அரை மணி. வாசனை முதலிலேயே நின்றுபோய்விட்டது, எனக்குத் தெரியும், சொல்லவில்லை. முக்கால் மணி ஆனதும் மணி அடித்துத் திரையை விலக்கினார்கள்.

நகக்கண் அளவு. கியூபாவுக்கே நகக்கண் அளவு.

இவர் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நாச்சிமுத்து திரும்பினார். "கந்தப்பா, என்னடா பண்ணுன?"

"பத்த வெச்சேன் மாமா. கையில குடுத்தேன். வந்துட்டேன்."

"வந்துட்டயா?"

"ஆமா மாமா."

"சாமியத் தனியா உட்டுப்போட்டா வந்த? ஊட்டுக்கு வந்த ஒரம்பரைக்கு எலையப் போட்டுப்போட்டு எந்திரிச்சுப் போவியா? அந்தக்கா ரெண்டு வருசமாக் கூடவே உக்காந்து குடிக்க வெச்சுது. நீ பக்கெட்ட வெச்சுப்போட்டு வந்திருக்கற."

சனமெல்லாம் கந்தப்பனைப் பார்த்த பார்வை எனக்கே பாவமாக இருந்தது. ராசப்பன் என்னிடம் வந்தார். "அக்கா, நீங்க போங்க. நீங்கதான் பேசிப் பாக்கோணும்."

ஆனால் ஒரு தடவை வேண்டாம் என்ற சுருட்டை அன்றைக்கு மறுபடி வைக்கக் கூடாது. அது முறை. பெட்டிக்கடைக்கு ஆள் ஓடி நாட்டுச் சுருட்டு வாங்கி வந்தார்கள். இருந்ததிலேயே தடியான ஒன்று, கறுப்பு, மோதிரமும் இல்லை ஒன்றும் இல்லை. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். திரையை இழுத்துவிட்டேன். கியூபாவை விரல் இடுக்கிலிருந்து எடுத்து விளக்குப் பக்கத்தில் வைத்தேன். சாமி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சாமி, இது உனக்குப் புடிக்காது. எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்? ஆனா பாதி எரியலைன்னா இவரு வெளிய போகோணும். இவரு போனா எனக்கு இங்க என்ன வேலை? செவ்வாயும் வெள்ளியும் நான் எங்க போய் உக்காருவேன்? கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சுரு" என்றேன்.

கண்ணை மூடினேன். என்ன இருமல் அம்மிணி சாமிக்கு. எங்கள் ஊர் மண்ணில் அப்படி ஒரு இருமலை யாரும் கேட்டதில்லை. வெளியே சனம் அதைக் கேட்டு அப்படியே விழுந்து கும்பிட்டதாம். சாமியே இருமுகிறார், சாமி இறங்கி வந்துவிட்டார் என்று. எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். கண்ணைத் திறந்தேன், பாதிக்கு இன்னும் மூன்று விரற்கடை இருந்தது. வேறு வழியில்லை சாமி என்று மறுபடி மூடினேன். தொண்டையில் அரம் போட்ட மாதிரி. சாமி விடவில்லை. பாதியைத் தாண்டி ஒரு விரற்கடை கூடவே போய்விட்டார். என் வீட்டுக்காரருக்காக அவர் பட்ட பாட்டை நான் ஒருத்திதான் அறிவேன்.

மணி அடித்தேன். பம்பை அடித்தார்கள். நோன்பு சாட்டியாயிற்று. கந்தப்பனே என் காலில் விழுந்தார். "நங்கையா, உங்க கையிலன்னா வெசத்தக் குடுத்தாலும் சாமி குடிப்பாரு" என்றார். நல்ல மனசுதான், வாய்தான் கெட்டது.

எல்லோரும் போன பிறகு நான் விளக்குத் துடைக்க உள்ளே இருந்தேன். கியூபா அங்கேயே கிடந்தது. காலில் படுகிற இடத்தில் அதை விடவும் முடியாது, வீசவும் முடியாது. சாமி என்னைப் பார்த்தார். கூட்டத்துக்கு முன்னால் வேண்டாம் என்றுவிட்டார், சனம் போனதும் வேண்டும்போல இருந்திருக்கும், அவருக்கும் தொண்டை கமறியிருக்குமே. முறைதான், முறையை மீறக் கூடாதுதான். ஆனால் யார் பார்த்தார்கள்? பற்ற வைத்தேன். பற்ற மட்டும்தான் வைத்தேன். பாதி போனதும் நான்தான் கெஞ்சினேன், போதும் சாமி, மாதிரிக்கு வேண்டும் என்று. மனசில்லாமல் விட்டார்.

அந்தப் பாதிதான் இந்தப் பையில் இருக்கிறது. சாமி நாட்டுச் சுருட்டுக்கு இறங்கி வந்துவிட்டார், ஆனால் இருமுகிறார், அதனால் இருமாத மாதிரி நல்லதாகச் செய்து வாங்கிக்கொண்டு வாருங்கள், உங்களுக்குத்தான் அவர் ருசி தெரியும் என்று கமிட்டி அன்றைக்கே முடிவு செய்து என்னை அனுப்பியிருக்கிறது. உறையூர்க்காரரிடம் இதைக் காட்டுவேன். இந்த மாதிரி இலை, இந்த மாதிரி வாசனை. ருசி முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்றுகூடச் சொல்வேன். ஒரு சாண் நீளம் இருக்கட்டும், கட்டைவிரல் பருமன் இருக்கட்டும். முக்கால் மணி நேரம் எரிய வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இது எந்த ஊர், முசிறியா? பஸ் நிற்குமா? மணி என்ன? பன்னிரண்டா? இன்றைக்கு வெள்ளிக்கிழமை அம்மிணி. நான் திரும்பி வருகிறவரைக்கும் சுருட்டு வேண்டாம், பழம் மட்டும் வைக்கிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அது சாமிக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கையைப் பார், எப்படி நடுங்குகிறது. அவர் அங்கே கோயிலில் இல்லை, எனக்குத் தெரிகிறது. நான் பஸ் ஏறும்போதே கூட ஏறியிருக்கிறார்.

மாதிரி என்னத்துக்கு? உறையூர்க்காரர் தொழில் தெரிந்தவர்தானே, மோதிரத்தைக் காட்டினால் போதும்.

தீப்பெட்டி என்னிடம் இருக்கிறது. அந்தக் கழிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு புளியமரம் நிற்கிறது பார், அங்கேதான் இருப்பேன். இந்தப் பையைப் பார்த்துக்கொள். கண்டக்டர் விசில் ஊதினால் பூசை நடக்கிறது என்று சொல்லு. நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது அம்மிணி.